அண்ணன் குடிக்கிறார், கூட்டத்துக்கு நான் ஏன் போனேன்? (அல்-அனான் முதல் தடவை போகிறவர்களுக்கு)

அண்ணனின் குடியை நிறுத்த நாங்கள் செய்யாதது இல்லை. கயிறு கட்டினோம், கோயிலில் சத்தியம் வாங்கினோம், குவார்ட்டர் பாட்டிலைத் தேடித் தேடி சிங்க்கில் கொட்டினோம். கடைசியில் அண்ணியும் நானும் அல்-அனான் கூட்டத்துக்குப் போனோம். போனதில் செய்த தப்புகளோடு எழுதுகிறேன்.

1. எந்தக் கூட்டம் என்று பாருங்கள்

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குடிநோயாளிகளுக்கு. அல்-அனான் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும். ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஆன் என்ற தோழியும் 1951இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு.

நாங்கள் முதலில் போய் நின்றது ஏ.ஏ.வில். அதுவும் க்ளோஸ்டு மீட்டிங், குடிநோயாளிகள் மட்டுமே உட்காரலாம். வாசலில் இருந்தவர் "உங்களுக்குக் குடிப்பழக்கம் இருக்காம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் வலிக்கிறது. எனவே போனிலேயே "இது குடும்பத்தாருக்கான கூட்டமா?" என்று கேட்டுவிடுங்கள்.

2. போங்கள்

முழுப்பெயர் சொல்ல வேண்டாம். கட்டணம் இல்லை, காணிக்கைப் பை சுற்றி வரும், போடாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். குடிப்பவரைக் கூட்டிப் போகாதீர்கள். ஜூம் கூட்டமும் நடக்கிறது, ஆனால் என் ஓட்டு நேரில் போவதற்குத்தான். வீட்டில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தால் பாதிக் காது கதவுப் பக்கமே இருக்கும்.

3. பேசுங்கள் (நான் சறுக்கிய இடம்)

என் முறை வந்தது. "எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு வருவார், பாட்டிலை மோட்டார் ரூமில் வைப்பாரா அரிசி டிரம்மில் வைப்பாரா, எல்லாம் கொட்டினேன். யாரும் குறுக்கிடவில்லை. முடித்ததும் "நன்றி" என்றார்கள், அடுத்தவர் பேசத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒரே கோபம். இத்தனை பேரில் ஒருத்தராவது வழி சொல்லக் கூடாதா? அடுத்தவர் பேச்சுக்கு அறிவுரை சொல்வதில்லை என்பது அங்கே வழக்கம் என்று அப்போது தெரியாது.

டீ குடிக்கும்போது ஒரு அம்மா கேட்டார்: "உங்க அண்ணனைப் பத்திச் சொன்னீங்க. நீங்க ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. கேட் கொக்கி சத்தம் கேட்பதற்கு முன்னால் நான் தூங்கிப் பல வருஷம் ஆகிறது.

அடுத்த வாரம் "அவர்" என்று தொடங்குவதையெல்லாம் "நான்" என்று மாற்றிப் பார்த்தேன். "அவர் வேலைக்குப் போகலை" என்பது, "அவருக்குக் காய்ச்சல்னு மேனேஜர்கிட்ட நான் பொய் சொன்னேன்" ஆனது. முதலாவதில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருக்கிறது.

குடியை நாம் உண்டாக்கவில்லை, கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். முதல் வரியிலேயே அண்ணி அழுதுவிட்டார். "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று அவரைக் கேட்டது வேறு யாரும் இல்லை, எங்கள் அம்மாதான்.

4. ஆறு தடவையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள்

இது அவர்களே சொல்லும் கணக்கு. ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழு.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் எழுதிக் கேட்டவை.

"சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து கொடுக்கலாமா?" கூடவே கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை போட்டவர் குடித்தால் வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும். அதேபோல் தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். போதை மீட்புக்கான இலவச எண் 14446.

"வீட்டில் அடிக்கிறார், கூட்டத்துக்குப் போனால் போதுமா?" போதாது. முதலில் பாதுகாப்பான இடம். பெண்கள் உதவி எண் 181.

"உங்கள் அண்ணன் நிறுத்திவிட்டாரா?" இல்லை. போன திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டபோது அண்ணி எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனை அண்ணன் தலைமாட்டில் வைத்துவிட்டு, ரசம் தாளிக்கப் போய்விட்டார்.