பிசகொடில் குளிசை: இரவில், வெறுந்தண்ணியோடு

இரும்புச்சத்துக் குளிசை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு வெளிக்குப் போவது பெரும்பாடு. டொக்டர் பிசகொடில் எழுதித் தந்தார். குடலைத் தூண்டி மலத்தைத் தள்ளவைக்கிற மருந்து இது. நிலாவாரையும் இதே இனம்தான். தண்ணி, முருங்கையிலை, குரக்கன் புட்டு எல்லாம் பார்த்து முடித்த ஆக்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். கடும் வலி, சத்தி, வயிறு ஊதிக் காற்றும் பிரியாமை, மலத்தில் இரத்தம்: ஒன்று இருந்தாலும் குளிசை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. அடைபட்ட குடலைத் தூண்டுவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம்.

பெரியவர்கள் 5 மில்லிகிராம் குளிசை ஒன்றில் தொடங்கலாம். காணாவிட்டால் அடுத்த இரவு இரண்டு.

இனித்தான் எல்லாரும் இடறுகிற இடம்: பால்தேத்தண்ணி. எங்கட வீடுகளில் எந்தக் குளிசையும் அதோடுதான் இறங்கும். இதற்கு அது சரிவராது. இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையவேண்டும் என்றுதான் இந்தக் குளிசைக்கு மேற்பூச்சு போட்டிருக்கிறார்கள். பாலும் நெஞ்செரிவு மருந்தும் அமிலத்தைத் தணித்தால் பூச்சு முன்னமே கரைந்து, வயிற்றைப் பிரட்டி முறுக்கும். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இரண்டும் வேண்டாம். இடித்துத் தேனில் குழைப்பதும் சப்புவதும் கூடாது, முழுசாக விழுங்கவேண்டும். "ஒரு குளிசைக்காகத் தேத்தண்ணி நேரத்தை மாத்திறதோ" என்று புறுபுறுத்தாலும் அம்மா மாற்றிவிட்டா.

படுக்கமுன் எடுங்கள். வேலைசெய்ய 6 முதல் 12 மணித்தியாலம் பிடிக்கும். காலையில் விழுங்கிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினால் வவுனியா தாண்டிய பிறகு உங்கள் பாடு. அவசரமென்றால் பின்வழியால் வைக்கிற மருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கேட்கும்; வீட்டில் வயதானவர்கள் அதற்குச் சம்மதிப்பது வேறு கதை.

நாளாந்தம் தேவைப்படுகிறவர்களுக்கு என் தெரிவு மலத்தை இளக்குகிற லக்டுலோஸ் பாணிதான். இரண்டு நாள் வரை பொறுக்கவேண்டும், ஆனால் முறுக்கல் குறைவு. பிசகொடிலை டொக்டர் சொல்லாமல் 5 நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். வயிற்றோட்டமாகப் போனால் உடனே நிறுத்துங்கள்.

பிந்திச் சேர்த்தது: வாசித்த சிலர் கேட்டவை. நிலாவாரை குடித்துச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயமில்லை, மருந்தை விட்டதும் மாறும். ஃபியூரோஸமைட் போன்ற, சிறுநீரைக் கூட்டுகிற நீர்க்குளிசையோ இதயத்துக்கு டிகொக்சினோ எடுப்பவர்கள் பாமசியில் அதைச் சொல்லியே வாங்குங்கள். நீர்க்குளிசையும் வயிற்றோட்டமும் சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கினால் இதயத்துடிப்புக் குழம்பும். இரும்புக் குளிசையால் இறுகுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், வேறு வகைக்கு மாற்றலாமா என்று டொக்டரிடமே கேளுங்கள்.