ஃபிளைட் சிம்முக்கு ப்ராசஸர் வாங்கப் போகிறீர்களா? கோரை எண்ணாதீர்கள், கேஷைப் பாருங்கள்

சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஏதாவது ஒரு கடையில் நின்று "கேமிங் பிசி வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வரும், அதில் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருக்கும். மற்ற விளையாட்டுகளுக்கு அது சரிதான். நீங்கள் ஓட்டப் போவது சாங்கியிலிருந்து திருச்சிக்கு ஒரு ஏ320 என்றால் கணக்கே வேறு, ஏனென்றால் கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிம்மில், அதுவும் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கிராபிக்ஸ் கார்டு வேலையில்லாமல் ப்ராசஸரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம்.

அதனால் காசை எடுப்பதற்கு முன்னால், இப்போது இருக்கும் கணினியில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டிலும் செட்டிங்ஸில் டெவலப்பர் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் மேலே ஒரு மெனு வரும், அதிலிருந்து எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்று காட்டும் பெட்டியைத் திறக்கலாம். "லிமிடெட் பை மெயின் த்ரெட்" என்று காட்டினால் தடை ப்ராசஸரில், "லிமிடெட் பை ஜிபியு" என்றால் கார்டில். எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிம்மில் டேட்டா அவுட்புட்டில் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியு (ப்ராசஸர்) எவ்வளவு நேரம் எடுத்தது, ஜிபியு (கார்டு) எவ்வளவு நேரம் எடுத்தது என்று தனித்தனியாகவே காட்டிவிடும். இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி: ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையா? அப்படியானால் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியும் ஒரு பயனும் இல்லை.

சோதனையை வங்காள விரிகுடாவுக்கு மேலே 35,000 அடியில் செய்யாதீர்கள், அங்கே எந்தக் கணினியும் நன்றாகத்தான் ஓடும். சாங்கியில் கேட்டில் நின்றுகொண்டு, மற்ற விமானங்களின் டிராஃபிக்கை ஆன் செய்து, பிஎம்டிஜி 737 அல்லது ஃபீனிக்ஸ் ஏ320 போன்ற கனமான விமானம் ஒன்றில் பாருங்கள். 02எல் ஓடுபாதைக்கு இறங்கும் கடைசி சில மைல்களும் நல்ல சோதனைதான். சிம்மில் திணறல் வந்தால் நம்மை உண்மையிலேயே கடுப்பேற்றும் இடம் அதுதானே.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறுபவர்களும் நிறைய. "சிபியு 25 சதவீதம்தான் ஓடுகிறது, அப்புறம் எப்படி சிபியு தடையாக இருக்கும்?" என்று கேட்பார்கள். 8 கோர் (கணக்குப் போடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள சில்லில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம் சொச்சம்தான். அந்த ஒன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் மற்றவை சும்மா இருப்பதால் சராசரி அழகாகத் தெரியும்.

அந்த ஒற்றை மெயின் த்ரெட்தான் விஷயமே. தேக்கா நிலையத்தில் பிராட்டா கடையைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயம் வெட்ட ஓர் ஆள், குழம்பு ஊற்ற ஓர் ஆள், பொட்டலம் கட்ட ஓர் ஆள் என்று எத்தனை பேர் இருந்தாலும் கல்லுக்கு முன்னால் நிற்பவரின் வேகத்தில்தான் வரிசை நகரும். சிம்மிலும் விமானத்தின் சிஸ்டங்கள், காக்பிட் திரைகள், வானிலை, சுற்றியுள்ள டிராஃபிக் என்று பலவற்றை ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்கும் கடைசிக் கணக்கு ஒரே த்ரெட்டில் வரிசையாகத்தான் நடக்கிறது. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் அது முழுவதும் 16.7 மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், 30 போதுமென்றால் 33 மில்லி விநாடி. நிலத்தோற்றத்தை இறக்குவது, விரிப்பது போன்ற உதிரி வேலைகளை மற்ற கோர்கள் பகிர்ந்துகொள்ளும், 2024 பதிப்பு முந்தையதைவிட அதை நன்றாகவே செய்கிறது, ஆனால் கல்லுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். மாவு உருண்டை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் எடுத்துவர வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷ்தான் அந்தக் கைக்கெட்டும் மேசை.

எண்ணிக்கையாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ரேமுக்குப் போய்த் தரவை எடுத்துவர ஏறக்குறைய 70, 80 நானோ விநாடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 350, 400 சுற்றுகள் வீண். கேஷ் அடுக்குகளில் பெரியதான எல்3 கேஷில் இருந்தால் அதில் சிறு பகுதி நேரத்திலேயே வந்துவிடும். சிம் தொடும் தரவோ ஒரே இடத்தில் அடுக்காக இருப்பதில்லை, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அதனால்தான் ஏஎம்டியின் 'எக்ஸ்3டி' சில்லுகள், விளம்பரத்தில் போடும் கிகாஹெர்ட்ஸ் குறைவாக இருந்தாலும், சிம்மில் முந்திவிடுகின்றன. சாதாரண ரைசன் 7 7700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி. கூடுதல் கேஷை மேலே அடுக்கிய 7800எக்ஸ்3டியில் அது 96 எம்பி. இரண்டிலும் அதே 8 கோர்தான், அதே தலைமுறைதான்.

சரி, எதை வாங்குவது?

உங்களிடம் ஏற்கெனவே ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசஸர் சொருகும் முந்தைய வகை) மதர்போர்டு இருந்தால், அதாவது ரைசன் 2600, 3600 மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், முழுக் கணினியையும் தூக்கிப் போடாதீர்கள். 2022இல் வந்த 5800எக்ஸ்3டி அல்லது 2024 தொடக்கத்தில் வந்த அதன் தம்பி 5700எக்ஸ்3டி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டால் பழைய பி450 போர்டிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டிலும் 96 எம்பி கேஷ். புதிதாகக் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது, பழைய பொருள்கள் கிடைக்கும் கேரோசெல் தளத்தில் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும். 2025 இறுதியிலிருந்து, புது போர்டுகளுக்கு வேண்டிய டிடிஆர்5 ரேமின் விலை ஏறிக் கிடக்கிற நிலையில், கையில் இருக்கும் பழைய டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டே இவ்வளவு பெரிய தாவல் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. மேம்படுத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் ஏஎம்4க்கு அடுத்த வகையான ஏஎம்5இல் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி. முதலாவது 2023 ஏப்ரலில் வந்தது, இரண்டாவது 2024 நவம்பரில். பின்னதில் கேஷை கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டதால் சூடு நேராகக் கூலருக்குப் போகிறது, கடிகார வேகமும் கூடியிருக்கிறது, வேகமானது அதுதான். ஆனால் விலை வித்தியாசம் நூறு வெள்ளியைத் தாண்டினால் நான் 7800எக்ஸ்3டியை எடுத்துவிட்டு, மிச்சத்தில் நல்ல ஜாய்ஸ்டிக்கோ ரட்டர் பெடலோ வாங்குவேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை எஃப்பிஎஸ் பெட்டியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், பெடல் இல்லாமல் பக்கக்காற்றில் இறங்கும் அவதி எந்தப் பெட்டியையும் பார்க்காமலே தெரியும்.

12, 16 கோர் உள்ள 9900எக்ஸ்3டி, 9950எக்ஸ்3டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றில் கோர்கள் இரண்டு துண்டுகளாகப் பிரிந்திருக்கின்றன, கூடுதல் கேஷ் ஒரு துண்டில் மட்டும்தான். சிம் தவறான துண்டில் ஓடாமல் இருக்க சிப்செட் டிரைவரும் விண்டோஸ் கேம் பாரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ள வேண்டும். வீடியோ எடிட்டிங், மென்பொருள் எழுதுவது என்று வேறு கனமான வேலை இருந்தால் வாங்குங்கள். பறப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம், காசைக் கொடுத்துத் தலைவலியை வாங்கும் வேலை.

இன்டெல்? ஏற்கெனவே ஐ7-14700கே போன்ற ஒன்று இருந்தால் தாராளமாக வைத்து ஓட்டுங்கள், சிம் 2024க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் உயர்மட்டப் பட்டியலிலேயே அது இருக்கிறது. புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன். 13ஆம், 14ஆம் தலைமுறை சில்லுகளில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் வந்த பிரச்சினையை 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு என்ற உள்மென்பொருளைக் கொடுத்து இன்டெல் சரிசெய்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் அதற்கு முன்பே சேதமான சில்லை எந்த மைக்ரோகோடும் குணப்படுத்தாது, அதனால் அந்தத் தலைமுறையைப் பழைய பொருளாக வாங்கும்போது இரண்டு முறை யோசியுங்கள். பின்னால் வந்த கோர் அல்ட்ரா 285கே வேலைக்கு நல்ல சில்லு, விளையாட்டில் வெளிவந்தபோதே பழைய 14900கேயைத் தாண்ட முடியாமல் திணறியது.

சிம்முக்கு சிம் கொஞ்சம் மாறும். எக்ஸ்-பிளேனும் ஒற்றைக் கோரின் வேகத்தை ரொம்ப நம்பியிருக்கிறது. போர் விமான சிம்மான டிசிஎஸ், 2023இல் வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் மல்டிதிரெடிங்குக்கு மாறிய பிறகு மூச்சு விட்டது, இருந்தாலும் பெரிய மிஷனில் நூற்றுக்கணக்கான யூனிட்கள் நகரும்போது ப்ராசஸர்தான் முதலில் கை தூக்கும். விஆர் ஹெட்செட் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சாதாரணத் திரையில் ஒரு சின்ன விக்கலை மன்னித்துவிடலாம், தலையில் மாட்டியிருக்கும்போது அதே விக்கல் வயிற்றைப் புரட்டும். கோர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை 8 போதும், ஆறிலும் ஓட்டலாம்.

இனி நம் ஊர் வெயில். ப்ராசஸர் சோதனை வீடியோக்களில் பெரும்பாலும் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) அறை பிற்பகலில் சர்வசாதாரணமாக 30, 31. அறை பத்து டிகிரி கூடினால் சில்லும் கிட்டத்தட்டப் பத்து டிகிரி கூடும், இதில் மாயம் ஒன்றும் இல்லை. அதனால் வீடியோவில் 75 என்று காட்டினால் உங்கள் வீட்டில் 85ஐ எதிர்பாருங்கள். 7800எக்ஸ்3டியின் உச்ச வரம்பு 89 டிகிரி, 9800எக்ஸ்3டிக்கு 95, வரம்பைத் தொட்டால் உடைந்துவிடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல விஷயம் என்னவென்றால் இந்தச் சில்லுகள் விளையாட்டில் குடிக்கும் மின்சாரம் குறைவு, இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றே தாராளம், தண்ணீர் கூலர் அழகுக்குத்தான். 253 வாட் வரை போகக்கூடிய 14900கேயை வைத்தால், அது வெளியே தள்ளும் சூட்டை உங்கள் ஏர்கான் மறுபடி இழுத்து வெளியே தள்ள வேண்டும், மின்கட்டணத்தில் இரண்டு தடவை செலவு. வாடகை அறையில் ஏர்கானுக்குத் தனியாகக் காசு கொடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மடிக்கணினிதான் வைக்க முடியும், மேசைக்கு இடமில்லை என்பவர்களுக்கு 7945எச்எக்ஸ்3டி, 9955எச்எக்ஸ்3டி என்று கூடுதல் கேஷ் உள்ள மடிக்கணினிச் சில்லுகளும் உண்டு. விலை எகிறும், விசிறி ஊளையிடும்.

ரேம் 32 ஜிபி, 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதும் அதுதான். ஏஎம்5இல் டிடிஆர்5-6000 இரண்டு குச்சி போதும், நான்கு குச்சி போட்டால் வேகம் குறையும். வாங்கி வந்ததும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை பயாஸில் ஆன் செய்ய மறக்காதீர்கள், பலர் காசு கொடுத்து வாங்கிய 6000ஐ 4800இல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர்டு சாதாரண பி650 போதும். பழைய போர்டு வாங்கினால் பயாஸைப் புதுப்பித்த பிறகே எக்ஸ்3டி சில்லைச் சொருகுங்கள், 2023இல் சில்லுக்குள் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் கூடிப்போய்ச் சில சில்லுகள் கருகியதால் அதை 1.3 வோல்டோடு கட்டுப்படுத்தும் பயாஸ் வந்தது.

வாங்கும்போது பெட்டியில் வரும் சில்லா, பெட்டியில்லாமல் வரும் டிரே சில்லா என்று கேளுங்கள். பெட்டிக்குத் தயாரிப்பாளரின் 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு, டிரே என்றால் கடைக்காரர் கொடுப்பதுதான். சொன்ன விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கார்டில் கட்டினால் கூடுதல் என்றால் அதையும். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிவதிலும் அதே வரி வந்து ஒட்டிக்கொள்ளும், 400 வெள்ளிக்குக் கீழே என்றாலும் 2023இலிருந்து பெரிய தளங்கள் வரியைச் சேர்த்துத்தான் வாங்குகின்றன. கடையில் வாங்கினால், பழைய பொருளாகவே இருந்தாலும், ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் எலுமிச்சைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். கேரோசெல்லில் தனியாளிடம் எம்ஆர்டி வாசலில் வாங்கும் சில்லுக்கு அது இல்லை, அதனால் முடிந்தால் அவர் வீட்டுக்கே போய், கணினியில் சொருகி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

புது சில்லைப் போட்ட பிறகும் சாங்கியில் திணறினால், முதலில் கை வைக்க வேண்டியது டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல், அதாவது நிலத்தோற்றம் எவ்வளவு தூரம் வரை நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்ற செட்டிங். ப்ராசஸரைக் கடிப்பதில் அதுதான் முதலாவது, 200இலிருந்து 100க்கு இறக்கினாலே முகம் மாறும். அடுத்து ஏஐ டிராஃபிக், அப்புறம் காக்பிட் திரைகளின் ரிஃப்ரெஷ் ரேட். மேகம், நிழல் போன்றவை பெரும்பாலும் கார்டின் தலையில் விழுபவை, மெயின் த்ரெட் திணறும்போது அவற்றைக் குறைப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதற்கும் மேலே ஆர்டிஎக்ஸ் 40 அல்லது 50 வரிசைக் கார்டு இருந்தால் ஃபிரேம் ஜெனரேஷனைப் போடலாம், மெயின் த்ரெட்டுக்கு வெளியே கார்டே நடுவில் ஃபிரேம்களை நுழைத்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் திரையில் பயணிகள் விமானம் மட்டும் ஓட்டுபவர்கள் 30இல் பூட்டிவிட்டாலும் போதும், 35க்கும் 50க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருப்பதைவிட அசையாத 30 கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும்.