நம் ஊர் வெயிலுக்கு ஒரு பாடி பட்டர், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல்

கடையில் வாங்கும் லோஷன் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும், அதில் முதலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எது அதிகமோ அது முதலில் வரும், அதனால் நாம் காசு கொடுத்து வாங்குவதில் அதிகம் இருப்பது தண்ணீர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். தண்ணீர் வந்துவிட்டால் அதை எண்ணெயோடு சேர்த்துப் பிடித்து வைக்க ஒரு பொருள் வேண்டும், பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் இருக்க ஒரு பதப்படுத்தி வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் இந்த இரண்டுமே தேவைப்படாது. பாடி பட்டர், அதாவது தண்ணீரே இல்லாமல் கொழுப்பும் எண்ணெயும் மட்டும் சேர்த்து உடம்புக்குப் பூசும் கெட்டியான களிம்பு, வீட்டு அடுப்படியில் செய்ய முடிவதே இதனால்தான். இயற்கையானது என்பதாலேயே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அரளி கூட இயற்கைதான். தண்ணீர் இல்லாத கொழுப்பில் கிருமி வளராது, அதனால் லேப் இல்லாமலே பத்திரமாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

இதிலிருந்தே முதல் விதியும் வந்துவிடுகிறது: உள்ளே ஈரம் போகக் கூடாது. சோற்றுக்கற்றாழை ஜெல், பன்னீர், தேன், பச்சை மஞ்சள் அரைத்த விழுது, கசக்கிப் பிழிந்த வேப்பிலைச் சாறு எதுவும் வேண்டாம். 'கொஞ்சமாகத்தானே' என்று ஒரு ஸ்பூன் கற்றாழை ஜெல் சேர்த்தால், டப்பாவுக்குள் அந்த ஒரு ஸ்பூனில் பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே கூட உள்ளே இருக்கும். வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேனே, கெடாதே என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்காமல் பார்த்துக்கொள்ளும், கிருமியைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. வீடியோக்களில் வரும் செய்முறை பெரும்பாலும் ஒன்றேதான்: ஷியா பட்டர் (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு), தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், எல்லாவற்றையும் உருக்கி ஆறவைத்து பீட்டரால் அடித்தால் கேக் மேல் போடும் க்ரீம் மாதிரி மேகமாக வரும். குளிர் நாட்டில் அது அப்படியே நிற்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், சென்னையில் அது உறைவதே மார்கழிக் காலையில் எப்போதாவதுதான். ஷியா 32 டிகிரி தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். மே மாதம் மதுரையிலோ வேலூரிலோ மின்விசிறிக்குக் கீழே வைத்தால் கூட மாலைக்குள் அடித்த காற்றெல்லாம் இறங்கி, டப்பாவின் அடியில் எண்ணெய்க் குட்டைதான் மிஞ்சும்.

அதற்கு நம் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது: கோகம் பட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில், கொங்கண், கோவா, கர்நாடகக் கரையோரம் விளையும் புளிப்புப் பழத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. அந்தப் பக்கம் உதட்டு வெடிப்புக்கும் கால் வெடிப்புக்கும் காலங்காலமாகப் பூசுகிறார்கள். உருகவே 38 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் கட்டியாக, கத்தி வைத்தால் செதில் செதிலாக உடையும். வாசனை கிட்டத்தட்ட இல்லை. ஷியாவில் வரும் அந்தப் புகை நாற்றம் பிடிக்காதவர்களுக்கு இது வரப்பிரசாதம். தனியாக உபயோகித்தால் மட்டும் தோலில் இழுபடாது, எண்ணெயோடு சேர்த்தால்தான் வசப்படும்.

எண்ணெய் எது? பாதாம் எண்ணெய் வாங்க முடிந்தால் சரி, இல்லாவிட்டால் நல்லெண்ணெய் போதும். செக்கு எண்ணெய் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவது வழக்கம், அதனால் புது எண்ணெயில் அடியில் மண்டி தங்கும். அந்தக் கலங்கல் உள்ளே போனால் அதோடு ஈரமும் போகும். ஓரிரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து எடுங்கள். எள்ளின் வாசனை முழுதாகப் போகாது, தீபாவளி எண்ணெய்க் குளியல் நினைப்பு வரும், அது பிடிக்காதென்றால் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் கூடப் பரவாயில்லை.

இனி அளவு. கிராமில்தான் சொல்லப்போகிறேன், சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், ஏனென்றால் கப் கணக்கில் அளந்தால் செதுக்கிய பட்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும். வெயில் காலத்துக்கு, அடிக்காமல் டப்பாவில் ஊற்றி உறையவிடும் வகை, 100 கிராமுக்கு: கோகம் 40, ஷியா 20, தேன்மெழுகு 15, எண்ணெய் 24, வைட்டமின் ஈ 1. வைட்டமின் ஈ தனியாக வாங்க வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் 400 மில்லிகிராம் காப்ஸ்யூல் இரண்டை ஊசியால் குத்திப் பிழிந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். மழைக்காலம் முடிந்து ஜனவரி வரை, அல்லது ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு பக்கம் இருப்பவர்கள் வருடத்தின் பெரும்பகுதி, அடித்துச் செய்யும் மேக வகை செய்யலாம்: ஷியா 50, கோகம் 20, எண்ணெய் 24, ஆரோரூட் மாவு 5, வைட்டமின் ஈ 1. ஆரோரூட் என்பது கூவைக்கிழங்கு மாவுதான், பிசுபிசுப்பைக் குறைக்கும், சலித்துப் போடாவிட்டால் தோலில் மணல் மாதிரி நெருடும்.

பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். டப்பா மூடியின் மரைக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை, பஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அடுப்பில் அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன்மேல் சிறிய எவர்சில்வர் கிண்ணம் வைத்து உருக்க வேண்டும். கிண்ணத்தை மூடாதீர்கள், மூடியில் ஆவி பிடித்து உள்ளேயே சொட்டும். தேன்மெழுகுதான் முதலில் போக வேண்டும், அது உருக 62 டிகிரிக்கு மேல் ஆகும், துருவிப் போட்டால் சீக்கிரம் உருகும். அது தெளிந்ததும் கோகம், அப்புறம் எண்ணெய். எண்ணெய் ஊற்றியதும் மெழுகு நூல் நூலாகத் திரண்டால் பதற வேண்டாம், சூட்டிலேயே வைத்துக் கிளறினால் மறுபடி கரைந்துவிடும். கடைசியாக ஷியா, அது கரைந்து எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் இறக்கி, கிண்ணத்தின் அடியை உடனே துணியால் துடையுங்கள். ஊற்றும்போது அடியில் ஒட்டியிருக்கும் வெந்நீர் டப்பாவுக்குள் சொட்டுவது இந்த இடத்தில்தான்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வைட்டமின் ஈ. வாசனை எண்ணெய் வேண்டுமானால் 100 கிராமுக்கு 1 கிராமுக்குள், அதையும் தாண்டாதீர்கள். லாவெண்டர், வெட்டிவேர் நன்றாக இருக்கும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகலாம், அதனால் அதைத் தொடவே வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் கற்பூரமும் சேர்க்காதீர்கள்.

ஊற்றும் வகை என்றால் இப்போதே டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஷியா மெதுவாக ஆறினால் அதிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதி முந்திக்கொண்டு உறைந்து ரவை ரவையாக நிற்கும், வேகமாக ஆற வைத்தால் வழவழவென்று வரும். ரவை கட்டினாலும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, முழுதாக உருக்கி மறுபடி சட்டென்று ஆறவைத்தால் சரியாகிவிடும். நடுவில் குழி விழுவது சகஜம், உறையும்போது சுருங்குகிறது.

அடிக்கும் வகைக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உருக்கிய கிண்ணத்தை மேலே தட்டு போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓரமெல்லாம் மங்கி நடுவில் மட்டும் விரல் பதியும் பதம் வந்ததும் எடுங்கள், ஆனால் உடனே திறக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த கிண்ணத்தைத் திறந்தால் உள்ளேயே வியர்த்துவிடும். வெளிப்பக்கம் வியர்ப்பதைத் துடைத்துக்கொண்டே சில நிமிடம் விட்டு, அப்புறம் மாவைச் சலித்துப் போட்டு பீட்டரை ஓட்டுங்கள். முதலில் மஞ்சளாகக் கூழ் போல இருக்கும், ஓரத்தை வழித்துவிட்டு அடிக்க அடிக்க வெளுத்துக்கொண்டே வந்து, பீட்டர் போன தடம் மூடாமல் அப்படியே நிற்கும். அங்கே நிறுத்துங்கள். தடம் நிற்கவே இல்லையென்றால் சூடு இன்னும் போகவில்லை, மறுபடி ஃபிரிட்ஜ். கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடிக்கச் சொல்வார்கள், தெறித்தால் போச்சு, நான் செய்ய மாட்டேன்.

பாத்திரத்தை நேரே தொட்டியில் கழுவாதீர்கள். சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துவிட்டு சோப்பு போடுங்கள், மெழுகு குழாய்க்குள் போய் உறைந்தால் பிளம்பருக்குத்தான் லாபம்.

பூசும் விதத்தில்தான் பலர் ஏமாந்து, இது வேலை செய்யவில்லை என்கிறார்கள். இதில் தண்ணீர் இல்லை, ஆகவே இது தோலுக்கு ஈரம் கொடுக்காது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். காய்ந்து கிடக்கும் காலில் பூசினால் எண்ணெய்ப் பளபளப்புதான் மிச்சம். குளித்துத் துவட்டிய கையோடு, தோல் லேசாக நனைந்திருக்கும்போது, ஒரு காலுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பூசுங்கள். ஆனால் டப்பாவுக்குள் ஈர விரல் போகக் கூடாது, ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் காயவைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் அலமாரி இதற்கு இடமில்லை.

புதிதாகப் பூசுபவர்கள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது, பாதாம், முந்திரி மாதிரி கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் பாதாம் எண்ணெய் பக்கமே போக வேண்டாம். பரு வரும் முகத்துக்கும் வியர்க்குரு பொரிந்த முதுகுக்கும் இது ஆகாது, துளையை அடைத்து நிலைமையை மோசமாக்கும். வெயிலிலிருந்தும் காக்காது, சன்ஸ்கிரீன் தனிதான். கரப்பான் மாதிரி தோல் நோய் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஈரம் படாமல் வைத்தால் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள், வாசனை எண்ணெய் ஊற்றி மறைக்க வேண்டாம். இதே கணக்குதான் நலங்கு மாவுக்கும். பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் சலசலவென்று காய்ந்து அரைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், குளிக்கும்போது கையளவு எடுத்து அப்போதுதான் குழைக்க வேண்டும், குழைத்த மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது.

யாருக்காவது செய்து கொடுப்பதாக இருந்தால் டப்பாவின்மேல் செய்த தேதியும் போட்ட பொருளும் எழுதி ஒட்டுங்கள். வெளியூருக்கு அனுப்புவதென்றால் மெழுகு சேர்த்த வகையை மட்டும் அனுப்புங்கள், கோடையில் கூரியர் வேனுக்குள் ஒரு மதியம் கிடந்தால் அடித்த வகை எண்ணெயாகத்தான் போய்ச் சேரும்.