மணமாகாத தந்தை தன் பிள்ளையை வளர்ப்பதில் பங்கேற்பது எப்படி?

"நீ ஆருக்க பிள்ள மக்கா?" என்ற கேள்வியைக் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கடையிலும், கோயில் கொடையிலும், ஆலயத் திருவிழாவிலும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். பெற்றோர் மணம் செய்துகொள்ளாத பிள்ளையும் தலைநிமிர்ந்து இதற்குப் பதில் சொல்லும்படி நடந்துகொள்வதே அந்தப் பிள்ளையின் தந்தைக்குரிய கடமை என்று நான் நம்புகிறேன். தாய்க்கும் உங்களுக்கும் இடையிலான உறவு எப்படி முடிந்திருந்தாலும் இந்தக் கடமை முடிவதில்லை.

முதலில் சட்டத்தில் உங்கள் நிலை என்ன என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டப்படி முதல் பொறுப்பாளர், தாய்தான். அவருக்குப் பின்னரே தந்தை. மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவரின் வழக்கில், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலேயே அவர் காப்பாளராக விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. ஆகவே உரிமை பேசிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதால் பயனில்லை. தாயின் நம்பிக்கையைப் பெறுவதுதான் உங்களுக்கு இருக்கும் நேர்வழி.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாய் சம்மதித்தால், மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே இருவரும் சேர்ந்திருந்து, ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிழையின்றி உங்கள் பெயரைக் கொடுங்கள். பெயரைப் பிற்பாடு சேர்க்க அலைவது கடினம். அவர் சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பெயர் ஏறாவிட்டாலும் நீங்கள் செய்யவேண்டிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

அவற்றுள் பெரியது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரை எனக்குத் தெரியும். விடியுமுன் வெட்டத் தொடங்கி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்துக் குளித்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்குப் பிள்ளை வளரும் வீட்டுக்குப் போவார். முதல் மூன்று மாதம் அவரைத் திண்ணைக்கு மேல் விடவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளாமல் திண்ணையிலேயே இருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மாதம் நிறைந்து பிள்ளைக்கு மற்ற உணவு கொடுக்கத் தொடங்கியபோது, ஏத்தங்காயை (நேந்திரங்காயை) மெல்லியதாக அரிந்து வெயிலில் காயவைத்து, பொடித்து, துணியில் சலித்து எடுக்கும் பக்குவத்தைப் பிள்ளையின் பாட்டியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். பொடியைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதையும், கூழ் பளபளப்பாகிக் கரண்டியைவிட்டு வழுக்கும்வரை சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் இரண்டுமுறை தீய்த்த பிறகுதான் அறிந்தார். இப்போது அவர் வரச் சற்றுத் தாமதமானாலும், "இன்னைக்கு அவன் வரலியா?" என்று அந்தப் பாட்டிதான் முதலில் கேட்கிறார்.

இதைப் போல, பொம்மை வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போகாமல், குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உறங்கவைப்பது என்று ஏதேனும் ஒரு வேலையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசிகளுக்கும், ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசிக்கும் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் போங்கள். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தூத்தூர், குளச்சல் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் கரை வர முடியாது. அவர்கள் புறப்படுமுன் திரும்பும் நாளைத் தோராயமாகச் சொல்லி, பிள்ளை பார்க்கும் காலண்டரில் குறித்துவிட்டுப் போகலாம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகத் தாயிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பணத்தை மாதம் ஒரே தேதியில் வங்கி வழியாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, வசதியுள்ள தந்தை, மணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தரவேண்டும் என்கிறது. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவது பிள்ளையின் சோற்றில் கைவைப்பதாகும்.

தாய் மறுத்தால் தெருவில் நின்று சத்தம் போடவோ, பள்ளியிலிருந்து பிள்ளையைச் சொல்லாமல் கூட்டிவரவோ கூடாது. முன்பு நீங்கள் கைநீட்டியிருந்தால், தாய் நம்பும் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் பிள்ளையைப் பார்ப்பதற்கு நீங்களாகவே ஒப்புக்கொள்ளுங்கள். மற்றபடி இருவரும் மதிக்கும் ஒருவரை, பிள்ளையின் தாய்மாமனாக இருந்தாலும் சரி, பேசச் சொல்லலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. வழக்கு என்று வந்தால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும்; அங்கே பிள்ளையின் நலனே முதன்மையாகப் பார்க்கப்படும் என்பதால், நீங்கள் தவறாமல் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு உங்களுக்காகப் பேசும்.

மூன்று நான்கு வயதில் பிள்ளை, "அப்பா ஏன் நம்ம வீட்டுல இல்ல?" என்று கேட்கும். அதற்கு உண்மையான ஒரே பதிலை நீங்களும் தாயும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாயைக் குறைசொல்லும் ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது.

பலர் மறந்துவிடும் ஒரு காரியமும் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இத்தகைய பிள்ளை தாயின் உறவாகவே கருதப்படுவதால், தந்தையின் சொத்து தானாக அதற்கு வந்துவிடாது. எனவே நீங்கள் எந்த மதத்தவரானாலும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் உயில் எழுதிவையுங்கள். காப்பீட்டில் பிள்ளையை நாமினியாகப் போட்டு, அது மைனராக இருக்கும்வரை தொகையைப் பெற்றுக்கொள்பவராகத் தாயின் பெயரை எழுதி, அந்தத் தாள்களின் நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.