புகைபோக்கிப் பாறையை ஈரம் காயாமல் உடைத்துப் பாருங்கள்

கடலடி வெந்நீர் ஊற்றுகளில் புகைபோக்கி வடிவில் வளரும் சல்பைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) பாறைகளின் வலிமையை அளக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாதிரி எதில் ஊறுகிறது என்பதைத்தான். கடல்நீராக இருக்க வேண்டும், காற்றுப் புகாத மூடியோடு. காற்றில் கிடந்தால் இரும்புச் சல்பைடுகளான மார்கசைட்டும் பைரைட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலம் கசியும், ஓரங்கள் உதிரும். கால்சியம் சல்பேட் கனிமமான அன்ஹைட்ரைட்டோ சூட்டில் படிந்து, சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்ததும் கரையத் தொடங்கும். ஆகவே ஊறவைத்ததை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெட்டுமுன் குறுக்குவெட்டை லென்ஸில் பாருங்கள். நடுக்குழாயை ஒட்டி பித்தளை மஞ்சளில் சால்கோபைரைட் என்ற செம்புக் கனிமம், இறுக்கமாக. அதற்கு வெளியே துத்தநாகக் கனிமமான ஸ்பாலரைட்டும் பைரைட்டும் கலந்த கருத்த பகுதி; நகம் பட்டாலே மாவாக உதிரும் இடங்களும் உண்டு. 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் பைரைட் 6-க்கு மேல். கனிமம் கடினமாக இருந்து என்ன, மணிகள் ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டுமே! வலிமையைத் தீர்மானிப்பவை துளைகளும், இடையில் படிந்து ஒட்டவைக்கும் சிலிக்காவும்தான்.

அதனால் புரைமையை, அதாவது பாறையின் மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கை, அளக்காமல் வலிமையை எழுதாதீர்கள். உடைக்கப்போகும் துண்டைக் காயவைக்க வேண்டாம். பக்கத்துத் துண்டை எடுங்கள். ஈர எடை பார்த்து, சுமார் 45 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 105 டிகிரிக்குப் போனால் ஜிப்சத்தின் படிகநீரும் கிளம்பிவிடும். கடல்நீரின் உப்பு துளைக்குள்ளேயே தங்குவதால், உலர்த்தியதில் இழந்த எடையை 0.965-ஆல் வகுங்கள், கிடைப்பது உள்ளிருந்த கடல்நீரின் எடை. கிராமில் வரும் அதை 1.025-ஆல் வகுத்தால் துளைகளின் கன அளவு கன சென்டிமீட்டரில் கிடைக்கும்.

உருளை எடுக்க முடிந்தால் நீளம் விட்டத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு, அமுக்கத்தை நிதானமாக ஏற்றுங்கள். மெல்லிய சுவரில் உருளை தேறாது, இரண்டு கூம்பு முனைகளுக்கு நடுவே வைத்து நெரித்து உடைக்கும் புள்ளிச்சுமைச் சோதனையே கை கொடுக்கும். அந்த எண்ணைத் தரைப் பாறைகளுக்கான 24 மடங்கால் பெருக்கி அமுக்க வலிமை என்று எழுதிவிடாதீர்கள். துளை மிகுந்த பாறைக்கு அது பொருந்தாது. சுவர் வளர்ந்த திசையில் தனியாக, குறுக்கே தனியாக உடைத்து, முடிவுகளைக் கலக்காமல் எழுதுங்கள்.

கடலடியில் இந்தப் பாறையை வெட்டியெடுக்கும் இயந்திரம் வடிவமைப்பவர்களுக்கு இதுமட்டும் போதாது. பப்புவா நியூ கினியின் சோல்வாரா 1 படிவு சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே நீரழுத்தம் ஏறக்குறைய 16 மெகாபாஸ்கல். வேகமாக வெட்டும்போது பாறை விரிந்து துளைகளுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் சரியும், வெளிநீர் உள்ளே பாய்ந்து ஈடுகட்ட நேரமிருக்காது, சுற்றியுள்ள அழுத்தம் பாறையை இறுக்கிப் பிடிக்கும். ஆய்வகத்தில் பொலபொலவென்று உதிர்ந்த கல்லை அங்கே வெட்டக் கூடுதல் விசை வேண்டும். அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டும் வேகத்தை மாற்றி மாற்றி அளந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வேகத்தைக் குறித்து வையுங்கள்.