சுற்றாத ஜப்பான் தையல் மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

போன சித்திரையில் வேலந்தாவளத்திலிருந்து ஓர் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் பழைய வேட்டியில் சுற்றிய தையல் மெஷின் ஹெட், அதாவது ஸ்டாண்ட் இல்லாத மேல்பாகம். "சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது அம்மிணி. பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா?" என்றார். வேட்டியை விலக்கினேன். கறுப்பு உடம்பு, தேய்ந்த தங்கநிறப் பூவேலை. அவருடைய மாமனார் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது. நான்கு நாள் கழித்து அதே மெஷினில் அவர் பேத்திக்குப் பாவாடை தைத்தார்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருபத்தாறு வருடமாக மெஷின் பழுது பார்க்கிறேன். தொழிலை என் தாய்மாமா சொல்லிக்கொடுத்தார். "சுற்றவில்லை" என்று என்னிடம் வந்த ஜப்பான் மெஷின்களில் உண்மையிலேயே உடைந்தவை மிகச் சில. மற்றவற்றில் எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல இரும்பை உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மெஷின் ஜப்பானுடையதுதானா என்று பார்க்க வேண்டும். மேலே எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். போருக்குப் பிறகு ஜப்பான் தொழிற்சாலைகள் வாங்குபவர் கேட்ட பெயரையெல்லாம் எழுதி அனுப்பின. ஒரே தொழிற்சாலையின் மெஷின் பத்துப் பெயரில் கிடைக்கும். ஹெட்டைப் பின்பக்கம் சாய்த்து அடிப்பாகத்தையும், தூணின் கீழ்ப்பகுதியையும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். 'ஜப்பான்' என்ற சொல் ஆங்கிலத்தில் வார்ப்பிலோ முத்திரையாகவோ இருக்கும். சிலவற்றில் 'ஜேஏ' அல்லது 'ஜேசி' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். எந்தத் தொழிற்சாலை என்பதற்கான குறி அது. 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் காலத்தையும் சொல்லிவிடலாம். போரில் தோற்ற ஜப்பான் 1952 ஏப்ரல் வரை நேச நாடுகளின் பிடியில் இருந்தது. அந்த வருடங்களில் ஏற்றுமதியான பொருளில்தான் இப்படி எழுதினார்கள். அத்தையின் மெஷினில் அது இருந்தது. வரிசை எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிப்பது சிங்கர் மெஷினுக்குச் சரிப்படும், பெரும்பாலான ஜப்பான் மெஷின்களுக்குச் சரிப்படாது.

பிரதர், ஜானோமி, ஜூகி, ரிக்கார் போன்றவை சொந்தப் பெயரிலேயே வந்தன. டொயோட்டாகூடத் தையல் மெஷின் விற்றிருக்கிறது. ஜானோமி என்றால் ஜப்பான் மொழியில் பாம்பின் கண். கீழ்நூலுக்கான பழைய நீள ஷட்டிலுக்குப் பதிலாக வந்த வட்ட பாபின் (கீழ்நூல் சுற்றும் சிறு உருளை) பாம்புக் கண்போல இருந்ததால் வந்த பெயர் அது.

கறுப்பு நேர்த்தையல் மெஷின்களில் பெரும்பாலானவை சிங்கர் 15-ஆம் வகையைப் பார்த்துச் செய்தவை. வேறு வேறு தொழிற்சாலைகள் ஒரே அளவுப்படி பாகங்களைச் செய்ததால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும். நம் ஊர் உஷா கறுப்பு மெஷினும் இதே வம்சம். ஆகவே ஊசி, பாபின், பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸ் மூன்றும் பாலக்காடு, பொள்ளாச்சி கடைகளிலேயே கிடைக்கும். பாபின் கேஸ் வாங்கப் போகும்போது மட்டும் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் இரண்டு விதம் உண்டு.

விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பழையது என்பதற்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை, தைத்தால்தான் தருவார்கள். நான் வாங்கும்போது நான்கு இடம் பார்ப்பேன். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா, ஷட்டில் (மேல்நூலைக் கீழ்நூலோடு பிணைக்கும் கொக்கி) ஓடும் பாதையில் துரு குழி விழுந்திருக்கிறதா, வளைந்து வளைந்து தைக்கும் ஜிக்ஜாக் மெஷின் என்றால் தையல் வடிவத்தை மாற்றும் தகடுகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா, பூவேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது. விரிசல் விட்ட வார்ப்பை நான் தொடுவதில்லை. 1970-களுக்குப் பிந்தைய ஜிக்ஜாக் மெஷின்களில் சிலவற்றில் நைலான் பல்சக்கரம் இருக்கும். அது வயதானால் வெடிக்கும். மாற்றுச் சக்கரம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள். முழுக்க இரும்பாலான பழைய மெஷினுக்கு அந்தப் பயம் இல்லை.

இன்னொன்று. பழைய மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-இல் சவூதி அரேபியாவில் சிங்கர் மெஷின்களைப் பற்றிக் கிளம்பிய வதந்தி அது. வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இன்னும் யாராவது வந்து ரகசியமாகக் கேட்கிறார்கள். அப்படி ஒரு பொருள் தையல் மெஷினில் எங்கும் இல்லை.

இப்போது இறுகிய மெஷினுக்கு வருவோம். சக்கரத்தைப் பலம் கொண்டு திருகாதீர்கள். அங்கேதான் நல்ல மெஷின் உடைகிறது. முதலில் பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தாலே போதும், மெஷின் முழுவதும் நின்றுவிடும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள பெரிய திருகைத் தளர்த்துங்கள். சக்கரம் தனியாகச் சுற்றினால் இறுக்கம் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அத்தையின் மெஷினில் முகத்தகட்டைக் கழற்றியதும் ஊசித்தண்டின் மேல் தேன்நிறத்தில் ஒரு படலம் தெரிந்தது. நகத்தால் கீறினேன், கருப்பட்டிப் பாகு காய்ந்ததுபோல் சுருண்டு வந்தது. மோந்து பார்த்தால் காறல் வாடை. தேங்காய் எண்ணெய். வீட்டில் அதுதான் கையருகில் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் விடுகிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், வருடக்கணக்கில் காற்றுப் பட்டால் பிசினாகிவிடும். குளிரான மூணாறு பக்கத்திலிருந்து வரும் மெஷின்கள் இதனால்தான் இன்னும் மோசமாக இருக்கின்றன.

ஹெட்டை முற்றத்து வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். பாலக்காட்டுச் சித்திரை வெயிலுக்கு இரும்பு நன்றாகச் சூடேறி, பிசின் இளகும். பிறகு நிழலுக்குக் கொண்டு வந்து, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், இரும்பு இரும்போடு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன். ராத்திரி முழுவதும் அப்படியே விட வேண்டும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மறுநாள் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் மயிரிழை அளவு அசைவு கிடைக்கும். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி காத்திருப்பு. மூன்றாம் நாள் மதியம் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அந்த நொடியில் வரும் சந்தோஷம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை.

சுற்றியதோடு விட்டுவிடாதீர்கள். கரைந்த அழுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துணியால் எடுங்கள், துணியில் கறுப்பு வராத வரை. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், வழுவழுப்பைத் தராது. கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் விட்டே ஆக வேண்டும். வெளி உடம்பை அதே எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். ஸ்பிரிட், தின்னர் பட்டால் தங்கப் பூவேலை உங்கள் கண் முன்னாலேயே கரையும். எனக்கு ஒரு மயில் படம் அப்படிப் போயிருக்கிறது.

மோட்டார் இருந்தால் கம்பியைச் செருகும் முன் அதன் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தவை 110. நம் வீட்டு 230-இல் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். பழைய ரப்பர் உறையும் உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். நான் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கால் மிதிக்கு மாற்றிவிடுவேன். முழு அளவு ஹெட் என்றால் அடித்தட்டு பதினான்கரை அங்குல நீளம், ஏழு அங்குல அகலம். உள்ளூர் ஸ்டாண்டின் இரண்டு கீல்களில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு ஊசி. தட்டையான பக்கம் எந்தப் பக்கம் என்று எல்லோரும் தடுமாறுகிறார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஷட்டிலின் கூர்முனை ஊசியின் எந்தப் பக்கம் வந்து கடக்கிறது என்று பாருங்கள். தட்டைப் பக்கம் அதைப் பார்த்து இருக்க வேண்டும். நீளமான பள்ளம் உள்ள எதிர்ப்பக்கத்திலிருந்து நூலைக் கோர்க்க வேண்டும். பாபின் கேஸை அதன் நூலிலேயே தொங்கவிட்டுக் கையை லேசாக உதறுங்கள். சிறிது இறங்கி நின்றால் கீழ்நூல் இறுக்கம் சரி. சரசரவென்று இறங்கினால் பக்கத்துத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள்.

சோதனைக்கு மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் போடுங்கள். துணியின் அடியில் சிவப்பு வளையமாகத் தொங்கினால் குறை கீழே இல்லை, மேல்நூலில்தான். பெரும்பாலும் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைந்திருக்கும். தட்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விட்ட ராத்திரி ஒரு துண்டுத் துணியைத் துணி அழுத்தும் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் வைத்து ஃபுட்டை இறக்கிவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய் அதில் இறங்கும். அத்தையின் மெஷினுக்கு மூன்று துணி மாற்றினேன். மூன்றாவதில் கறை மங்கலாக வந்த பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன்.