தோள் வலிக்குப் பனியைக் குறை சொல்லாதீர்கள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ யாரிடமாவது தோள் வலிக்கிறது என்று சொல்லுங்கள். "பனிக்கு அப்படித்தான் இருக்கும், தைலம் தேச்சுப் படுங்க" என்பார்கள். குளிரில் தசை இறுகும், பழைய வலி கூடுதலாகத் தெரியும், அதெல்லாம் சரி. ஆனால் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்துவது பனியல்ல. பழியைப் பனி மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் நம் மலையில் நான் பார்க்கும் பெரிய தவறு.

உயிருக்கே ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டில் ஏறும்போது இடது தோளோ மேல்கையோ வலித்து, நின்றால் குறைகிறதென்றால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் அழுத்தம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை.

காத்திருப்பவர்களில் பலருக்கு இருப்பது ஃப்ரோசன் ஷோல்டர். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்காரர்களிடம், அதிலும் பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அதிகம். முதலில் ராத்திரிக் குடைச்சல். பிறகு தலை வாரக் கை எழாது, முதுகு தேய்க்கக் கை போகாது. வேறொருவர் தூக்கிவிட்டாலும் போகாது, அதுதான் அடையாளம். இந்த நிலையில் சிலர் கையை அசைக்காமலே வைத்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் ஆளைப் பிடித்துக்கொண்டு கையை முறுக்கித் தூக்குகிறார்கள். இரண்டும் கெடுதல். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே நடப்பது என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். தானாகச் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்திலேயே மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். அதற்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதுவரை சர்க்கரை பார்க்காதவர்கள் தோள் இறுகினால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குளிருக்கு வெந்நீர்ப் பை வைப்பதிலும் கவனம் வேண்டும். சர்க்கரையால் தோல் மரத்தவர்களுக்குச் சுடுவது தெரியாது. தைலம் தேய்த்த இடத்தின் மேல் சூடு வைத்தால் கொப்புளம் வரலாம்.

தோட்ட வேலைக்காரர்களின் தோள் வேறு கதை. தோளைத் தாங்கிச் சுழற்றும் நான்கு தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள், நாளெல்லாம் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டும்போதும் மூட்டை தூக்கும்போதும் உரசித் தேய்கின்றன, சில சமயம் கிழிகின்றன. கிழிந்தால் தானாகக் கை எழாது, மற்றவர் தூக்கினால் எழும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போவது இங்கே வழக்கம். கூலி போய்விடும் என்ற கஷ்டம் புரிகிறது. ஆனால் வலி மாத்திரை கிழிசலை ஒட்டாது. தொடர்ந்து தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சரிவில் மேற்பக்கச் செடிக்குக் கையை நீட்டாமல் ஓர் அடி ஏறி நின்று பறியுங்கள், முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும்.

மழையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து தோள் இறங்கிவிட்டால், கூட்டத்தில் கைராசிக்காரர் ஒருவர் இழுத்துப் பார்க்க முன்வருவார். விடாதீர்கள். தோள் மூட்டு சின்னத் தட்டில் நிறுத்திய எலுமிச்சம்பழம் போல. பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது அதுதான். எலும்பும் சேர்ந்து முறிந்திருக்கலாம், நரம்பு இழுபட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்தால் இருப்பதும் கெடும். கையை இருக்கிற நிலையிலேயே துண்டாலோ சால்வையாலோ உடம்போடு கட்டி, குன்னூர் லாலி மருத்துவமனைக்கோ ஊட்டிக்கோ கூட்டிப் போங்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் வழியில் டீகூட வாங்கித் தர வேண்டாம்.

மேல்கை எலும்பு நடுவில் முறிந்தால் அதை ஒட்டி ஓடும் நரம்பும் அடிபடலாம். மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய பிறகு விரல் நீலமாகிறது, மரக்கிறது என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் கட்டைத் தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வயதான அம்மாக்களுக்குத் தோளை ஒட்டி எலும்பு முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது, கழுத்திலிருந்து கையைத் தொங்கவிடும் தூளிக்கட்டே போதும். அந்தக் கட்டை மாதக்கணக்கில் அவிழ்க்காமல் விடுவதுதான் தவறு. விரலையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். தோளை எப்போது அசைக்கத் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுத் தேதியை எழுதி வாங்குங்கள். பயிற்சிக்காக மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு வாராவாரம் பஸ் ஏறுவது எல்லோராலும் ஆகாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். நடமாட முடியாதவர் வீட்டில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள்.